மிளகுத் தண்ணீரும் பொரித்த மீனும்



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அம்பாசமுத்திரத்தில் எங்கள் பள்ளிவாசலின் வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தேன். நெல், அரிசி வாணிபம் செய்து இப்போது ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் மெல்ல வந்து அருகில் அமர்ந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். சாராயக் கடைன்னு பேர் போட்ட சாப்பாட்ட உக்காந்து தின்னுட்டு வந்திருக்கேன். அது குத்தமா?” என்றார்.

திடுக்கிட்டேன். ஊரில் திருமண விருந்தென்றால்கூட, ஆட்டை அறுத்தவர் யார் என்று கேட்டறிந்த பின்னரே ஸஹனில் கை வைக்கும் மனிதர் அவர்.

நடந்தது இதுதான். அவருடைய இளைய மகன் உல்லாசக் கப்பல் ஒன்றின் சமையற்கட்டில் பணிபுரிகிறான். ஊழியரின் பெற்றோருக்குக் கிடைக்கும் சலுகைக் கட்டணத்தில் பெரியவரும் அவர் துணைவியாரும் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவுகள் கடற்பயணம் போய் வந்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் நடுக்கடலில் சென்றுகொண்டிருந்தது. அத்தகைய நாட்களில் உணவு மண்டபம் ஒன்றில் ‘பிரிட்டிஷ் பப் மதிய உணவு’ என்று தனியே பரிமாறுவார்களாம். அங்கேதான் பெரியவர் உண்டிருக்கிறார்.

அந்த மகன் எங்கள் மதரஸாவில் ஓதியவன். சில ஆண்டுகளுக்கு முன் உணவகக் கலைப் படிப்பை முடித்துவிட்டு, கப்பல் வேலைக்கு உத்தரவு வந்த அன்று நேரே என்னிடம்தான் வந்தான். “ஹஜ்ரத், போகலாமா?” என்று கேட்டான். நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலேயே, “கப்பல் சமையலா? குடியும் பன்றியும் புழங்கும் இடம். அந்தப் பிழைப்பு வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். என்ன வேலை, எந்தப் பிரிவு, வீட்டில் என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்த சகோதரியின் திருமணக் கடன் அவன் தலைமேல் இருந்தது எனக்குத் தெரியாது. அவன் ஸலாம் சொல்லிவிட்டுப் போனான், கப்பலுக்கும் போனான். என் சொல் மட்டும் அவன் வீட்டிலேயே தங்கிவிட்டது. மகன் அனுப்பிய பணத்தைத் தகப்பனார் தொடவில்லை. தொலைபேசியில் மகன் அழைத்தால், “உம்மாட்ட பேசு” என்று கொடுத்துவிடுவாராம். கேள்வி கேளாமல் விடை சொல்வது ஆசிரியத் தொழிலில் உள்ளோரை எளிதில் பற்றிக்கொள்ளும் நோய். அதன் விலையை அந்தக் குடும்பம் இத்தனை ஆண்டுகள் கொடுத்திருக்கிறது என்பதை அன்றைய மாலைதான் அறிந்தேன்.

நேயர்களே, கப்பற்பயணம் நம் மக்களுக்குப் புதிதன்று. எங்கள் பொருநையாறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு அருகிலேயே, கடல் வாணிபத்தில் பெயர் பெற்ற காயல்பட்டினம் இருக்கிறது. 1970களின் தொடக்கம் வரை ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம்மவர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிச் சென்றது. ஹஜ்ஜுக்கு பம்பாயிலிருந்து கப்பலில் போவதும் 1995ஆம் ஆண்டு வரை வழக்கத்தில் இருந்தது. அப்பயணங்களில் நம் முன்னோர் ஊறுகாயும் அவலும் வறுத்த மாவும் கட்டிக்கொண்டு ஏறினார்கள். இன்றைய உல்லாசக் கப்பலோ மிதக்கும் நகரம். அங்கே உண்பதே பயணத்தின் பாதி நோக்கம். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. ஆகவே, இன்று இந்தப் பெரியவருக்கு வந்த கேள்வி நாளை நம்மில் பலருக்கும் வரக்கூடும்.

முதலில் ‘பப்’ என்பது என்ன? ‘பப்ளிக் ஹவுஸ்’, அதாவது பொது இல்லம் என்னும் சொல்லின் சுருக்கம் அது. மது விற்க உரிமம் பெற்ற கடை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆங்கிலேய ஊர்ப்புறத்தில் வழிப்போக்கர் தங்குவதற்கும், ஊரார் கூடிப் பேசுவதற்கும், உழைப்பாளிகள் பகலுணவு கொள்வதற்கும் அதுவே இடமாயிருந்தது. அங்கே கிடைத்த எளிய உணவுதான் பப் மதிய உணவு. இன்று அந்த எளிய உணவு ஆடம்பரக் கப்பல்களில் ஏறியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு முதல் ஓடும் ‘குயின் மேரி 2’ கப்பலில் ‘கோல்டன் லயன்’ என்ற பெயரில் பப் ஒன்றே அமைத்து இவ்வுணவை வழங்குகிறார்கள். பெரியவர் சென்ற கப்பலில் அது பப்பில் அன்றி, பொதுவான உணவு மண்டபத்தில் பரிமாறப்பட்டிருக்கிறது.

முதல் இரண்டு நாட்கள் பெரியவர் பழமும் தயிரும் ரொட்டியும், துணைவியார் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கும் தின்றே கழித்திருக்கிறார். கடலைப் பார்ப்பதும் தொழுவதும் அறையில் படுப்பதுமாக இருந்திருக்கிறார். மூன்றாம் நாள் நண்பகலில் துணைவியார், “புள்ள வேல பாக்குற எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம். ஒண்ணும் திங்க வேண்டாம்” என்று கெஞ்சி, அந்த மண்டபத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்.

மேசையில் உணவுப் பட்டியல் இருந்தது. பெரியவருக்கு ஆங்கிலம் சிறிது வாசிக்கத் தெரியும். மகன் பின்னர் விளக்கியதையும் சேர்த்து எனக்கு அப்பட்டியலை ஒப்பித்தார். பன்றி இறைச்சியைக் குடலில் அடைத்துச் செய்த ‘சாசேஜ்’, அதனுடன் மசித்த உருளைக்கிழங்கு. பீரில் வேகவைத்த மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ‘பை’. கொத்திய இறைச்சிமேல் உருளைக்கிழங்கை மெழுகிச் சுட்ட இன்னொரு ‘பை’. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெங்காய ஊறுகாயும் வைத்த ‘உழவன் பகலுணவு’. இந்த உழவன் பெயரைக் கேட்டு அது பன்னூறாண்டுப் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டா. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழையவைதாம். அந்தப் பெயரைப் பரப்பியது 1950களிலும் 60களிலும் பாலாடைக்கட்டி விற்போர் செய்த விளம்பரம். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும். சூப் வரிசையில் ‘முல்லிகடானி’ என்று ஒன்று.

பெரியவர் பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்த வேளையில் மகன், மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு தட்டை ஏந்திக்கொண்டு சமையற்கட்டிலிருந்து வந்து நின்றிருக்கிறான். தட்டில் பொன்னிறமாகப் பொரித்த மீனும், விரல் பருமனில் நறுக்கிப் பொரித்த கிழங்கும், மசித்த பச்சைப் பட்டாணியும், ஒரு கீற்று எலுமிச்சையும் இருந்தன. நெடுநாளைக்குப் பின் தகப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசியது, பெரியவர் சொன்னபடியே இதோ:

“மாவுல என்னல கலந்திருக்கு?”

“கோதும மாவும் உப்பும் சோடாத் தண்ணியுந்தான் வாப்பா. மத்தவங்களுக்குப் பீர் ஊத்திக் கரைப்பாங்க. இத நான் தனியா கரைச்சேன்.”

“எண்ணெய்?”

“புது எண்ணெய். தனிச் சட்டி. நானே ஊத்துனேன்.”

“கெழங்கு?”

“அதே சட்டியிலதான் பொரிச்சேன்.”

“நீ பன்னிக்கறி தொடுவியா?”

“சேந்த ரெண்டாவது மாசமே பெரிய சமையக்காரர்ட்ட சொல்லிட்டேன் வாப்பா. காய்கறி, மீன் பகுதியில போட்டுட்டாங்க. அன்னையிலேருந்து தொட்டதில்ல.”

“இதெல்லாம் எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலியே வாப்பா.”

இதைச் சொல்லும்போது பெரியவரின் குரல் இடறிற்று. எனக்கோ தலை நிமிர முடியவில்லை. அவர் கேளாதிருந்ததற்குக் காரணம், நான் கேளாமலே தீர்ப்புச் சொல்லியிருந்ததுதானே!

பெரியவர் பிஸ்மி சொல்லி உண்டார். “ஹஜ்ரத், மேல அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கு, உள்ள இட்லி மாதிரி ஆவி பறக்குது. முள்ளே இல்ல. நம்ம ஆத்துக் கெண்டையோட ருசி வராது. ஆனாலும் நல்லாத்தான் இருந்துச்சு. மாசா அல்லாஹ், ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்” என்றார். மொறுமொறுப்பின் காரணமும் எளிதே. பீரிலுள்ள காற்றுக் குமிழிகள் மாவை இலேசாக்கி, சூடான எண்ணெயில் பொங்கச் செய்கின்றன. சோடா நீரிலும் அதே கரியமிலவாயு இருப்பதால் ஏறக்குறைய அதே பயன் கிட்டுகிறது. ஹராமான பொருளை விலக்கியதால் சுவை ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை.

அடுத்து, உம்மாவின் ஆசைக்காகப் பணியாளர் அந்த ‘முல்லிகடானி’யைக் கொண்டுவந்து வைத்தார். கிண்ணத்தை முகர்ந்ததும் பெரியவர், “இது நம்ம மெளகுத் தண்ணியால்ல இருக்கு!” என்று வியந்திருக்கிறார். சரியாகத்தான் கண்டுபிடித்தார். காய்ச்சலும் சளியும் வந்தால் நம் வீட்டில் வைத்துக் கொடுக்கும் மிளகுத் தண்ணீரை, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வெள்ளைக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே விரும்பி உண்ணத் தொடங்கினர். இறைச்சிச் சாறும் பிற பண்டங்களும் சேர்த்துக் கெட்டியாக்கி, பெயரை மட்டும் தங்கள் நாவுக்கு ஏற்றவாறு திரித்துக்கொண்டனர். சென்னை மாகாண அதிகாரிகளுக்கு ‘முல்’ என்றே ஒரு பட்டப்பெயர் இந்த உணவால் வந்தது என்று, யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி கூறுகிறது.

ஆனால் அந்தச் சூப்பு கோழி எலும்பை வேகவைத்த நீரில் செய்யப்பட்டது. கோழி எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதற்கு உறுதி இல்லை என்று மகனே சொல்லிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டான். பெரியவர் என்னிடம் சிரித்தபடி சொன்னார்: “பாத்தியளா ஹஜ்ரத், நம்ம ஊருப் பேரு வச்ச தண்ணி நமக்கு ஆகல. வெள்ளக்காரன் மீன் ஆயிட்டு!”

நேயர்களே, இந்தச் சொல்லை நான் பலநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனெனில், ஆராய்ந்து பார்த்தால் அந்த மீனும் முற்றிலும் வெள்ளைக்காரன் மீன் அன்று.

பாரசீக அரசர்களின் அடுக்களையில் பிறந்து, பின்னர் பக்தாதில் அப்பாஸிய கலீபாக்களின் விருந்துகளில் கொலுவிருந்த உணவு ஒன்றுண்டு. ‘ஸிக்பாஜ்’ என்பது அதன் பெயர். காடியில், அதாவது வினிகரில், சமைத்த புளிப்பு ஆணம் அது. 1226ஆம் ஆண்டு பக்தாதில் எழுதப்பட்ட ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் அதன் செய்முறை இருக்கிறது. அது மேற்கே பரவிச் சென்றது. ஸ்பெயின் நாட்டில், பொரித்த மீனைக் காடியில் ஊறவைக்கும் உணவை ‘எஸ்காபெச்சே’ என்கிறார்கள். ‘ஸிக்பாஜ்’ என்ற சொல்லே அவ்வாறு மருவியது என்பர் மொழி அறிஞர். அந்தலூஸில் நம்மவர்களோடு வாழ்ந்த யூதர்கள், ஓய்வு நாளான சனிக்கிழமை அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே மீனை எண்ணெயில் பொரித்து வைத்து மறுநாள் ஆறியபடி உண்டனர். 1492இல் அவர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டனர். எஞ்சிய முஸ்லிம்களின் வழித்தோன்றல்களும் 1609 முதல் துரத்தப்பட்டனர். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இங்கிலாந்தில் குடியேறிய யூதர்களோடு பொரித்த மீனும் லண்டன் தெருக்களுக்கு வந்தது. தென்னமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த உருளைக்கிழங்கு அதனோடு சேர்ந்தது. 1860களில் லண்டனில் ஜோசப் மாலின் என்ற யூதர் இவ்விரண்டையும் ஒருங்கே விற்கும் கடை திறந்தார் என்பர். லங்காஷயர்க்காரர்களோ தங்கள் ஊரில்தான் முதற்கடை என்பர்.

லங்காஷயர் என்றதும் எங்கள் பகுதி நினைவுக்கு வருகிறது. அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்களின் மலிவான, வயிறு நிறைக்கும் உணவாக அந்த மீனும் கிழங்கும் பெருகிய காலத்தில்தான், 1880களில், ஹார்வி சகோதரர்கள் அம்பாசமுத்திரத்துக்கு அருகே பாபநாசம் அருவியின் நீர்வலிமையை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை நிறுவினர். அங்கே ஆலைத் தொழிலாளி காகிதத்தில் மடித்த மீனைத் தின்றான். இங்கே ஆலைத் தொழிலாளி தூக்குவாளிச் சோற்றைத் தின்றான். இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ உணவுப் பொருள்களுக்குப் பங்கீடு விதித்த பிரிட்டிஷ் அரசு, மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் பங்கீடு விதிக்கவில்லை. ஏழை உழைப்பாளியின் வயிற்றில் கை வைக்க அஞ்சினார்கள் போலும்!

இதைச் சொல்வதனால் மீன் நம்முடையது, சூப்பு நம்முடையது என்று உரிமை கொண்டாடுங்கள் என்று நான் கூறவில்லை. பெயரும் பிறப்பும் ஓர் உணவை நமக்கு ஆகுமானதாக்குவதில்லை, ஆகாததாக்குவதும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதே வழி. கேளாமல் தின்பவன் தவறக்கூடும். கேளாமல் வெறுப்பவனும் தவறக்கூடும். அவன் அல்லாஹ் அளித்த ரிஸ்கையும், சில வேளைகளில் பெற்ற பிள்ளையையும்கூட விலக்கிவிடுகிறான்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதை மார்க்கம் தடுத்திருக்கிறது. அவர் அமர்ந்த மேசையில் மது இல்லை. அது உணவு மண்டபம். உண்டதும் ஆகுமான உணவு. எனவே குற்றம் இல்லை என்றே கூறினேன். எனினும் அதே மீன் மது இல்லாத வேறு இடத்தில் கிடைக்குமானால் அங்கே உண்பதே பேணுதல் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மதுக்கூடத்தின் உள்ளேயே போய் அமர்வது வேறு. அதைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலிலோ வெளிநாட்டிலோ இவ்வுணவை எதிர்கொள்ளும் சகோதர சகோதரிகள் கேட்க வேண்டியவை சில உண்டு. மீன் அறுக்கப்படாமலே ஹலால். ஆனால் தோய்த்த மாவில் பீர் உண்டா என்று கேளுங்கள். பொரிக்கையில் சாராயம் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வார்கள். ஊற்றியதே ஆகாத பொருள் என்பதால் அச்சமாதானத்தை ஏற்காதீர்கள். பொரித்த எண்ணெயில் வேறு என்ன பொரித்தார்கள் என்று கேளுங்கள். உருளைக்கிழங்கு தாவரந்தானே என்று எண்ணி இதை விட்டுவிடுவோர் பலர். ‘பை’யின் மேல்மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. இறாலைப் பற்றி ஹனபி மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவீர்கள். பயணத்துக்குப் பதிவு செய்யும்போதே ஹலால் உணவு வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது எல்லாவற்றினும் நல்லது.

மகன் எலுமிச்சையை வைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. ஆங்கிலேயர் இம்மீன்மேல் வாற்கோதுமைக் காடியைத் தெளிப்பார்கள். வாற்கோதுமையை நொதிக்கவைத்து, மதுவாக்கி, பிறகு புளிக்கச் செய்து எடுப்பது அது. “இதப் பத்தி ஹஜ்ரத்திட்ட கேட்டுட்டுத்தான் ஊத்தணும் வாப்பா” என்றானாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காடியை நல்ல தொடுகறி என்று பாராட்டியுள்ளார்கள். மது காடியாக மாறிவிட்டால், எவ்விதம் மாற்றப்பட்டாலும் அது ஆகும் என்பது ஹனபி மத்ஹபு. வேறு பொருள் எதுவும் இடாமல் தானாகவே மாறியிருந்தால்தான் ஆகும் என்பது ஷாஃபி மத்ஹபு. அவரவர் தம் மத்ஹபின்படி நடந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த மஸ்அலாவைவிட, அவன் அதை என்னிடம் கேட்க நினைத்ததே என்னை உருக்கியது. ஒருமுறை முகம் பாராமல் விரட்டிய ஆசிரியனிடம் மறுபடியும் கேட்கலாம் என்று அந்தப் பிள்ளை நம்பியிருக்கிறான்!

மஃரிப் பாங்கு சொல்லுமுன் பெரியவர் எழுந்தார். “போன வாரம் அவன் அனுப்புன பணத்துல வீட்டுக்கு ஓடு மாத்த ஆள் சொல்லிட்டேன் ஹஜ்ரத்” என்றார். அன்றிரவு இஷாவுக்குப் பின் நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். காடியைப் பற்றிய மஸ்அலாவை இரண்டு பத்தியில் எழுதி முடித்தேன். பிறகு, அன்று நான் கேட்காமல் விட்டதை இப்போது கேட்டிருக்கிறேன்: “மகனே, உன் வேலை எப்படி? எத்தனை மணி நேரம் நிற்கிறாய்? தொழ இடம் இருக்கிறதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?”

மறுமொழிக்குக் காத்திருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.